'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போது அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வேலைக்கு வருகிறவர்களை முதல் வாரத்திலேயே தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: 'ஜஸ்ட்'.

கீசர் ரிப்பேர்காரர் போனில் "ஐ வில் கம் ஜஸ்ட் நவ்" என்றால், நம்மூர் ஆங்கிலம் படித்தவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். தென்னாப்பிரிக்காவில் அதற்கு 'அப்புறமாக வருகிறேன்' என்றுதான் பொருள். அரைமணியும் ஆகும், சாயங்காலமும் ஆகும். இங்கே பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'நெட்நோ' என்றொரு சொல் இருக்கிறது. சற்று முன்பு நடந்ததற்கும் அதுவே, சற்றுப் பின்பு நடக்கப்போவதற்கும் அதுவே. அதன் சாயல்தான் இது. ஆகவே வினைச்சொல்லின் காலத்தைக் கவனியுங்கள். "ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதுதான் போனார். "ஹி வில் லீவ் ஜஸ்ட் நவ்" என்றால் பிறகு போவார். 'நவ் நவ்' என்பது அதைவிடச் சீக்கிரம். உடனே நடக்க வேண்டுமென்றால் 'ரைட் நவ்' என்று சொல்லுங்கள். மருந்து கொடுக்கிற விஷயமானால் இந்தச் சொற்கள் எதையும் நம்ப வேண்டாம், எத்தனை மணிக்கு என்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று வருத்தப்படுவது சரியல்ல. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே "இதோ வந்துட்டேன்" என்று சொல்கிறவர்கள்தானே நாம்!

மற்ற இடங்களில் 'ஜஸ்ட்' வந்தால் அகராதியைவிட நம் பேச்சுத் தமிழே நன்றாக வழிகாட்டும். "ஜஸ்ட் ஃபைவ் ராண்ட்" என்றால் அஞ்சே ராண்ட் (ராண்ட் என்பது இந்நாட்டு நாணயம்). ஓர் ஏகாரம் போதும். "ஜஸ்ட் ரைட்" கச்சிதம். "ஐ ஜஸ்ட் கேம் டு சீ யூ" என்பதற்குச் 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. இடம் மாறினால் பொருளும் மாறும்: 'நாட் ஜஸ்ட் ஹிம்' என்றால் அவர் மட்டுமல்ல, 'ஹி இஸ் ஜஸ்ட் நாட் கமிங்' என்றால் அவர் வரப்போவதே இல்லை. அலுவலகத்தில் "ஜஸ்ட் சைன் ஹியர்" என்பார்கள். அந்த 'ஜஸ்ட்' 'கொஞ்சம்' என்று நாம் சொல்வதைப் போன்ற மரியாதைச் சொல். வெறும் கையெழுத்துதானே என்று எண்ணி, படிக்காமல் போட்டுவிடாதீர்கள்.

பெரிய பிழை நேர்வது சட்டத் தமிழில். இந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் தரும் இழப்பீடு 'ஜஸ்ட் அண்ட் ஈக்விட்டபிள்' ஆக இருக்க வேண்டும் என்கிறது. இங்கே 'ஜஸ்ட்' என்றால் நியாயமான என்று பொருள். 'ஜஸ்டிஸ்' பிறந்த அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'வெறும் இழப்பீடு' என்று எழுதினால் குடிமகனின் உரிமையே காணாமல் போகும். தமிழைப் பெயர் சொல்லி, அதை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று 6ஆவது பிரிவில் எழுதிவைத்திருக்கிற அரசியலமைப்பு இது. அதைத் தமிழாக்குவதில் இத்தனை அலட்சியம் கூடாது.

தங்கள் இதழில் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தரும்போது, சொல்லை மட்டும் போடாமல் அது வரும் முழு வாக்கியத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்