கறக்காத மாடு

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒன்று கேட்டாயே, "லாபத்துல ஒரு ரூபாகூட டிவிடெண்டா பிரிச்சுத் தராத ஷேரை எதுக்குப்பா வெச்சுக்கணும், கறக்காத மாட்டுக்குத் தீனி போடற மாதிரி" என்று. அன்றைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், பேச்சு அப்படியே நின்றது. நான்கு நாளாக அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நீ சொன்ன அந்த ஷேர், டிமார்ட் சூப்பர் மார்க்கெட் கம்பெனியுடையது, 2017 மார்ச்சில் சந்தைக்கு வந்தது. ஒரு ஷேர் 299 ரூபாய், குறைந்தது ஒரு லாட், அதாவது 50 ஷேர், கேட்க வேண்டும். என் பேரில், அம்மா பேரில், உன் பேரில் போட்டோம், குலுக்கலில் உனக்கு மட்டும்தான் விழுந்தது. 14,950 ரூபாய். முதல் நாளே இரண்டு மடங்கைத் தாண்டியது, சித்தப்பா "வித்துடு வித்துடு" என்று மூன்று தடவை போன் செய்தார், நீதான் இருக்கட்டும் என்றாய். உன் வயதில் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ஈவுத்தொகை என்று ஒரு பைசா வரவில்லை, வாஸ்தவம். ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எப்போது தருவோம், எப்போது தரமாட்டோம், வைத்துக்கொண்ட லாபத்தை என்ன செய்வோம் என்று எழுதி வெளியிட வேண்டும், அவ்வளவுதான். 2016-இல் பெரிய 500 கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அதைக் கட்டாயமாக்கியது, 2021-இல் 1000 ஆக்கியது. டிமார்ட்டின் லாபம் கடைக்குள்ளேயே போகிறது. பெரும்பாலும் வாடகைக்குப் பிடிக்காமல் இடத்தைச் சொந்தமாக வாங்கிக் கட்டுகிறார்கள். மாதாமாதம் வாடகை போகாததால்தான் பருப்பையும் எண்ணெயையும் மலிவாகப் போட முடிகிறது. அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் பார். லாபம் போதாமல் 2020 பிப்ரவரியில் புதிதாக ஷேர் விற்று நாலாயிரம் கோடிக்கு மேல் திரட்டினார்கள். ஒரு கையால் டிவிடெண்ட் கொடுத்துவிட்டு மறு கையால் காசு கேட்பது என்ன கணக்கு? 2002-இல் மும்பை பவாயில் ஒரே கடை, 2025 மார்ச் முடிவில் 415. மாடு கறக்கவில்லைதான், கன்று போட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. கம்பெனியில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதை ஆரம்பித்த ராதாகிஷன் தமானியின் குடும்பத்திடம் இருக்கிறது. நூறு ரூபாய் பிரித்தால் எழுபத்தைந்து அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். தமானியே வேண்டாம் என்று இருக்கும்போது 50 ஷேர்காரனுக்கு என்ன அவசரம்?

அவசரம் என்று எழுதிவிட்டேன். மனுஷனுக்கு அவசரம் வரும், வராது என்று சொல்லவில்லை. ஈவுத்தொகை தராத ஷேரில் காசு வேண்டுமென்றால் விற்பதுதான் வழி. ஐந்து விற்கலாம், பத்து விற்கலாம். பத்து விற்றால் நாற்பது நிற்கும். ஒரே நாளில் ஐம்பதையும் விற்கிற அளவுக்கு ஒருவனுக்கு என்ன வரும் என்றுதான் யோசிக்கிறேன், பொதுவாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஐடிசியிலிருந்து டிவிடெண்ட் வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எஸ்எம்எஸ்ஸை இரண்டு தடவை படிப்பாள். டிமார்ட்டிலிருந்து அப்படி ஒரு செய்தியும் வந்ததில்லை, இத்தனை வருடத்தில்.

ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரியான அந்த ஆப்ஷன் பக்கம் மட்டும் போகாதே. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நஷ்டம் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ பேசவில்லை, கூப்பிட்டால் மருமகள் எடுத்து "மீட்டிங்கில் இருக்கார் மாமா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? வேலை நன்றாகப் போகிறதல்லவா? பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாகிவிட்டதா? கட்டியிருப்பாய், நீ அப்படி விடுகிறவன் இல்லை. பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, விசாரிக்க ஒரு போன் செய்ய உனக்கு நேரமில்லை. ஆப்ஷன், ஃப்யூச்சர்ஸ் எதுவும் வேண்டாம், தம்பி. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதில் இறங்கினவன் கதை எனக்குத் தெரியும்.

தெரியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேட்டுக்காட்டை விற்றது உன் காலேஜுக்காக இல்லை. உனக்குக் கவுன்சிலிங்கில் கிடைத்த சீட், அந்தக் கட்டணம் என் சம்பளத்திலேயே முடிந்திருக்கும். 2008 ஜனவரியில் சந்தை விழுந்ததே, 21, 22 இரண்டு நாள், அதில் ஃப்யூச்சர்ஸில் போட்டிருந்தேன். இருந்தது போய் அதற்கு மேலும் கட்ட வேண்டியிருந்தது. ஐந்து மாதம் கைமாற்று வாங்கிச் சமாளித்தேன், டெபாசிட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆனியில் காட்டை எழுதிக் கொடுத்தேன். படிப்புச் செலவு என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், அதனால் உன் பேரைச் சொன்னேன். அதோடு விட்டேனா? நீ அரியர் வைத்தபோது "காட்டை வித்துப் படிக்க வெச்சேன்டா" என்று சித்தப்பா முன்னால் கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். எப்போது காட்டுப் பக்கம் போனாலும் அந்த நிற்பு ஞாபகத்துக்கு வருகிறது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்காதே.

அந்த ஐந்து மாதமும் யார் போன் செய்தாலும் நான் எடுக்கமாட்டேன். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வேன். நீதான் எடுத்துச் சொல்வாய்.

கையில் கொஞ்சம் டெபாசிட் இருக்கிறது, மார்ச்சில் முதிர்கிறது, அதற்கு முன்னாலும் எடுக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சும்மா தகவலுக்காகச் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஷேர் இருக்கிற டீமேட் கணக்கில் இன்னும் என் போன் நம்பர்தான் இருக்கிறது, அன்றைக்கு நான்தானே படிவம் நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள். அம்மாவிடம் நான் ஒன்றும் காட்டவில்லை.

அப்பா