பாம்பு பிடிச்ச அண்ணனுக்கு ரொம்ப நன்றி

காரைக்குடி பக்கம் எங்க வீட்டுப் பின்கட்டுல இருக்க பறவைக் கூண்டுக்குள்ள சாரைப்பாம்பு பூந்து, பிஞ்சஸ் குருவிய முழுங்கிட்டு, வயிறு உப்பி வந்த ஓட்டை வழியாவே வெளிய போக முடியாம மாட்டிக்கிச்சு, தெருவே கம்போட வந்துருச்சு. அப்ப டிவிஎஸ்ல போன அண்ணன் ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டு "அடிக்காதீங்கப்பா, இதுக்கு விஷம் கெடையாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிச்சா கேஸு"ன்னு எல்லாரையும் தள்ளி நிக்க வெச்சாரு. கைய வெச்சு வீரம் காட்டல, அதான் எனக்குப் பிடிச்சது. பிவிசி பைப்போட ஒரு முனையில சாக்கக் கட்டி மறுமுனைய பாம்பு பக்கம் வெச்சாரு, பொந்துன்னு நெனச்சு அதுவா சரசரன்னு உள்ள போயிருச்சு. வனத்துறைக்குப் போன் போட்டு ஒப்படைச்சதும் அவருதான்.

போறப்ப சொன்னது இன்னும் பெருசு. கீழ சிந்துற தினைக்கு எலி வருது, எலிக்குப் பாம்பு வருது, ராத்திரி கூட்டி அள்ளிருங்க, கூண்டுக்குக் கால் இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை போடுங்க, நைலான் வலை வேணாம் பாம்பு சிக்கி செத்துரும்னாரு. (பாம்பு வராம இருக்க பூண்டு தண்ணி, பினாயில் தெளிக்கிறதெல்லாம் சும்மாவாம்.) எல்லாம் மாத்தியாச்சு.

பேரு கேக்கறதுக்குள்ள கெளம்பிட்டாரு, காசும் வாங்கல. அண்ணே, இதப் பாத்தா ஒரு எட்டு வீட்டுக்கு வாங்க, ஆச்சி உங்களுக்கு சீப்பு சீடை சுட்டுத் தரணும்னு நிக்கிறாங்க.