வழக்கின் சுமையை யார் சுமப்பது? போராட்டக் கூட்டமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் போராட்டங்களை ஒருங்கிணைக்கும் கூட்டமைப்புகளின் தோழர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நடந்த மறியலில் கைதானவர்கள் முதல் வாய்தாவுக்கு வந்து நின்றபோது, அவர்களை அழைத்த கூட்டமைப்பிலிருந்து ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

மறியல் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. வழக்கு அப்படி முடிவதில்லை. இத்தகைய வழக்கில் சிக்கிய தினக்கூலிப் பெண் ஒருவர், வாய்தாதோறும் அன்றைய கூலியை இழந்து, பேருந்துச் செலவுக்குக் கடன் வாங்கி, நீதிமன்றத் தாழ்வாரத்தில் நாள் முழுவதும் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் தலையைக் காட்டிவிட்டு, அடுத்த தேதியோடு வீடு திரும்புகிறார். அவருடன் கைதான இளைஞருக்கோ கடவுச்சீட்டும் அரசு வேலையும் காவல்துறைச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடுகின்றன. கூடங்குளம் அணு உலையை எதிர்த்தவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே கூறிய பின்னரும், அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நாம் அனைவரும் பார்த்தோம்.

ஆகவே, போராட்டத் தேதியை அறிவிக்கும் முன்பே வழக்கறிஞரையும் ஜாமீன்தாரர்களையும் இழந்த கூலிக்கான நிதியையும் உறுதிசெய்யுங்கள். இது புதிய கோரிக்கையன்று. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட நிறப்பாகுபாட்டை எதிர்த்து, 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பை நடத்திய சங்கம், மக்கள் வேலைக்குச் சென்றுவரக் கார்களை ஏற்பாடு செய்தது, நிதி திரட்டியது, வழக்குகளையும் தானே எதிர்கொண்டது. 1956 பிப்ரவரியில் 80-க்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட தலைவர்களின் பெயர்களும் அப்பட்டியலில் இருந்தன.

நம்மிடையே மேடையில் பேசுவோர் பட்டியல் ஒரே மாலையில் முடிவாகிறது. மறியலா, உண்ணாவிரதமா என்பதைக்கூட அப்பகுதி மக்களிடம் கேளாமலே தீர்மானிக்கிறீர்கள். கைதாகப் போகிறவர்களுக்கு அந்த முடிவில் இடமில்லை என்பது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். வழக்குக்கான ஏற்பாடு இல்லாமல் இனி எந்தப் போராட்டத்துக்கும் தேதி குறிக்க வேண்டாம் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்போது கைதாகியிருப்பவர்களின் அடுத்த வாய்தாவுக்கு ஒரு வழக்கறிஞரையும், உங்கள் பொறுப்பாளர்களில் ஒருவரையும் தவறாமல் அனுப்பிவையுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் போராட்டங்களில் பங்கேற்று வரும் ஒருவர்