பஜனை மடத்துப் படங்களுக்கு மறுபடி சட்டம் போட ஊராரிடம் ஒரு வேண்டுகோள்

காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருக்கும், ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பஜனை மடத்துக் குழுவின் வணக்கம். மடத்துச் சுவரில் இருக்கும் 22 படங்களையும் இறக்கி, சுத்தம் செய்து, முறையாக மறுபடியும் சட்டம் போட்டு மாட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும்போல இருக்கிறது. திருவிழாக் கணக்கில் மீந்த 35,000 ரூபாய் கையில் இருக்கிறது. மீதிக்கு உங்களிடம்தான் வருகிறோம்.

"கிருஷ்ணகிரியில் எந்த பிரேம் கடையில் கொடுத்தாலும் சில நூறு ரூபாயில் கண்ணாடி போட்டுத் தருவார்களே, இதற்கு இவ்வளவா?" என்று ஏற்கெனவே பலர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வெள்ளையடிப்பதற்காக மகாலட்சுமி படத்தை இறக்கியபோது வந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். பின்னால் வைத்திருந்த அட்டை தொட்டதும் பொடிந்து கொட்டியது, அதற்கும் படத்துக்கும் நடுவில் பழைய செய்தித்தாள், அதற்குள் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி. தாள் எந்த இடத்தில் படத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அந்த இடமெல்லாம் படமும் பழுப்பேறிப் போயிருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். செய்தித்தாள், சாதா அட்டை, ஹார்ட்போர்டு, பிளைவுட் எல்லாமே மரத்திலிருந்து வருபவை, மரத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது, அது நாளாக ஆக சிதைந்து அமிலத்தை வெளியிடுகிறது, அந்த அமிலம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்துக்குள் மெல்ல ஏறுகிறது. ஏறிய காகிதம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம்போல ஒடியும். படத்தைச் சுற்றி அழகுக்கு வைக்கும் மவுண்ட் அட்டையும் மலிவானதாக இருந்தால், அதன் வெட்டு விளிம்பு பட்ட இடத்தில் சுட்ட கோடுபோல ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிடும். நம்ம சரஸ்வதி படத்தைச் சுற்றி அந்தக் கோடு அப்படியே இருக்கிறது, வந்து பாருங்கள்.

அந்தப் படங்கள் என்ன என்பதையும் இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மகாலட்சுமியும் சரஸ்வதியும் ரவிவர்மா அச்சகத்துப் படங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அந்த அச்சகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து எடுத்த கல்லச்சுப் படங்கள் இவை. கோயிலிலும் அரண்மனையிலும் பார்க்க வேண்டியிருந்த சாமி உருவங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்ததில் இந்த மாதிரி அச்சுப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம மகாலட்சுமிக்கு யாரோ ஒரு பாட்டி ஜரிகையும் சம்கியும் ஒட்டிச் சேலை கட்டிவிட்டிருக்கிறார், அந்தக் காலத்தில் அது வழக்கம். அப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழியில் வந்த காலண்டர் முருகன், பலகைமேல் துணி ஒட்டி சுண்ணப் பூச்சுப் பூசி தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர் நவநீத கிருஷ்ணன். எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது நம்ம ஊர்க் கூத்து ஜமாவின், அதாவது கூத்தாடும் குழுவின், கருப்பு வெள்ளைப் படம். ரவிவர்மா படம் இன்னும் நாலு ஊரில் கிடைக்கும், கட்டை (கூத்து வேஷத்து மர அணிகள்) கட்டி நிற்கும் நம்ம தாத்தாக்கள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள்.

கூத்துப் படம்தான் ரொம்பக் கவலையாக இருக்கிறது. அந்தக் கால போட்டோவின் மேல்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது ஊறும், ஊறினால் முன்னால் இருக்கும் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நம்ம படத்தில் வலது ஓரம் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. நல்ல மனதோடுதான் ஒருவர் பிளேடு விட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார், தயவுசெய்து யாரும் கை வைக்க வேண்டாம். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, பெங்களூரில் காகிதப் படங்களைச் சீர்செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோகப் போகிறோம். அதைத் தவிர இன்னும் நாலு படங்களுக்கும் அப்படிப்பட்ட கை தேவை. அதில் ஒன்று, முன்பு ஒரு கடையில் சட்டம் போட்டபோது மரவேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவி பிளைவுட்டோடு முழுசாக ஒட்டிக் கொடுத்துவிட்ட ராமர் பட்டாபிஷேகம். அதைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்காமல் சீர்செய்பவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

சரி, மற்ற 17 படங்களுக்கு என்ன செய்வோம்? பின்னாலும் மவுண்ட்டுக்கும் பருத்தி நாரில் செய்த, அமிலம் இல்லாத அட்டை. காற்றிலிருந்து வரும் அமிலத்தையும் தாங்கட்டும் என்று அதில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். மவுண்ட் வைப்பது அழகுக்கு மட்டும் இல்லை, கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி விடுவதுதான் அதன் முதல் வேலை. சம்கி ஒட்டிய மகாலட்சுமிக்கு அந்த இடைவெளி போதாது, சட்டத்துக்குள் ஓரமாகக் கட்டை வைத்து இன்னும் ஆழப்படுத்த வேண்டும். படத்தை அட்டையில் ஒட்டவே மாட்டோம். செலோடேப் கிட்டவே வரக் கூடாது, அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். ஜப்பானிய நார்க் காகிதத்தில் இரண்டு சின்னப் பட்டி கிழித்து, கோதுமை மாச்சத்துப் பசையில் மேல் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தொங்கவிடுவார்கள். அந்தப் பட்டி படத்தைவிட மெலிசாக இருக்க வேண்டுமாம். படம் கீழே விழுந்தால் பட்டி கிழியும், படம் கிழியாது. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைகள் மாற்ற நினைத்தால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். எது செய்தாலும் திரும்ப எடுக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பதைப் படம் சீர்செய்யும் வேலைக்காரர்கள் அடிக்கடி சொன்னார்கள், எங்களுக்கும் அதுதான் மனதில் நின்றது.

செலவில் பெரும் பங்கு கண்ணாடிக்குப் போகிறது. சாதாக் கண்ணாடி வழியாகப் புற ஊதாக் கதிர் நிறையவே உள்ளே வரும். அதில் 97 சதவீதத்துக்குமேல் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது, விலைதான் அதிகம். அதைப் போட்டாலும் வெளிச்சத்தால் நிறம் போவது முழுக்க நிற்காது என்பதால் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே எந்தப் படத்தையும் மாட்டப் போவதில்லை, டியூப் லைட்டையும் இடம் மாற்றுகிறோம். உயரத்தில் மாட்டும் பெரிய படங்களுக்கு அக்ரிலிக் போடலாம், எடை குறைவு, எளிதில் உடையாது. ஜரிகை ஒட்டிய படத்துக்கு அது ஆகாது, தேய்த்தால் மின்னூட்டம் ஏறி உதிரும் துகளை இழுத்துக்கொள்ளும்.

மரச் சட்டத்தை மாற்றவில்லை. பழைய தேக்கு நன்றாகவே இருக்கிறது, நம்ம ஆசாரி சீர்செய்து தருகிறேன் என்று கூலி வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். மரத்திலிருந்தும் அமிலம் வரும் என்பதால் உட்பள்ளத்தில் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் முழுவதும் தாள் ஒட்டி மூடி, கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகவிடுவோம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஃபிளெக்ஸில் பெரிதாக அடித்து மாட்டிவிடலாம், அல்லது லேமினேஷன் போட்டுவிடலாம் என்றும் யோசனை வந்தது. ஸ்கேன் கட்டாயம் எடுப்போம், கேட்பவர்களுக்குப் பிரதியும் தருவோம். லேமினேஷனுக்கு மட்டும் குழு சம்மதிக்கவில்லை. சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய பிறகு அந்தப் படத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

பணம் பற்றி. சின்னப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ.3,500, பெரியதுக்கு ரூ.6,000 முதல் ரூ.8,000 வரை ஆகும், ஒரு குடும்பமாக ஒரு படத்தை ஏற்றுக்கொண்டாலும் சந்தோஷம், 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. உபயம் பெயரைக் கண்ணாடியிலோ சட்டத்திலோ எழுத மாட்டோம், மடத்து வாசல் பலகையில் எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும். மழைக்கால ஈரத்தில் சட்டத்தை மூடினால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் மாசி, பங்குனியில்தான் வேலை. பொங்கலுக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம், வங்கிக் கணக்கு விவரம் மடத்து அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவை மாதாமாதம் அதே பலகையில் ஒட்டுவோம்.

பணம் முடியாதவர்கள் பெரியவர்களை அழைத்து வாருங்கள். கூத்துப் படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை, அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். பொங்கல் அன்று சாயங்காலம் ஸ்கேன் பிரதியை மடத்துத் திண்ணையில் விரித்து வைத்திருப்போம்.