பல்லு வைத்த தண்டவாளம்

உப்புவெளி,
திருகோணமலை.

மச்சான்,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை, போன் எடுத்தாலும் "பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறேன். நீ ஏசுவது இங்கே உப்புவெளி வரைக்கும் கேட்கிறது. பிழை என்னுடையதுதான். வீட்டில் எல்லாரும் சுகம். மனிசிக்கு முழங்கால், எனக்குச் சீனி. குண்டன் மெலிந்து பாதியாகிவிட்டான், ஆனாலும் குண்டன்தான். சுகம் விசாரிப்பு இவ்வளவு போதும்.

இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் எழுதுகிறேன்.

தண்டவாளத்துக்குப் பல்லு இருக்கிறது மச்சான். கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் மனிசியின் தங்கச்சி மகளுக்குக் கோயம்புத்தூரில் கலியாணம். முடிந்த பிறகு இரண்டு நாள் கையில் இருந்தது. மனிசி பழனி என்றாள், நான் மேட்டுப்பாளையம் என்றேன், ஊட்டி மலை ரயில் வெளிக்கிடுகிற ஊர். அங்கே பவானி ஆற்றங்கரையில் வனபத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்கும் போனோம், பொய்யில்லை.

ஊர் நம்முடைய கந்தளாய் மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் வேறு எங்கோ போகிற வழியில் தேத்தண்ணி குடிக்க இறங்குகிறவர்கள். மத்தியானம் உருளைக்கிழங்கு மண்டியில் சாக்குகளின் மேலேயே ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள். ஒரு லொறி ஹோர்ன் அடித்தது, ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை. அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் சுவர் எழுப்பினமாதிரி நீலகிரி நிற்கிறது.

ரிக்கற் கதையைக் கேட்காதே. ஒரு ஏஜென்ட் காசை வாங்கிக்கொண்டு தந்தது காத்திருப்புப் பட்டியல் ரிக்கற். கடைசியில் விடியப்புறம் நாலரைக்கே போய், முன்பதிவில்லாத கொஞ்சச் சீற்றுக்காக வரிசையில் நின்றோம். மனிசி அந்த இரண்டரை மணித்தியாலமும் என்னோடு கதைக்கவில்லை. முழங்காலைத் தடவித் தடவிக் காட்டினாள், அவ்வளவுதான்.

காலை 7.10க்கு வெளிக்கிட்டது. கல்லாறு வரைக்கும் பாக்குத் தோட்டங்களுக்குள்ளால் நம்ம கோச்சி மாதிரியே ஓடுகிறது. அதற்குப் பிறகு வேகம் அப்படியே விழுந்து, காலுக்குக் கீழே கடகடவென்று ஒரு நடுக்கம். என்னவோ எங்களை அடியிலிருந்து கவ்விப் பிடித்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. "பற்பொடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். மனிசி அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஹில்குரோவில் இஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிற்பாட்டினார்கள். எல்லாரும் வடைக்கும் குரங்குக்கும் ஓட, நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, அவற்றைவிட ஒரு மட்டம் உயர்த்தி, அடுத்தடுத்து இரண்டு இரும்புப் பட்டை. இரண்டிலும் வரிசையாகப் பல்லு. ஒன்றில் பல்லு இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம், ஒன்றின் பிடி விடுகிற நேரம் மற்றது கவ்விக்கொண்டிருக்கத்தான் அப்படி. கிரீஸ் கறுப்பாய் அப்பியிருந்தது, அதில் ஒரு காய்ந்த இலை. விரலை வைத்துப் பார்த்தேன். நகக்கண்ணிலிருந்து அந்தக் கறை போக இரண்டு நாளாயிற்று.

பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். சும்மா சக்கரம் வழுக்கிவிடும். இஞ்சினுக்கு நாலு சிலிண்டர்: இரண்டு சக்கரத்தைச் சுற்ற, அதில் வேலை முடித்த ஆவி மற்ற இரண்டுக்கும் போய், அந்தப் பல்லுப் பட்டையைக் கவ்வுகிற பல்லுச்சில்லைச் சுற்றுகிறது. நாங்கள் போனதுக்குக் கரி இல்லை, எண்ணெய். இஞ்சின் நிற்பதோ கடைசியில். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது மச்சான், தள்ளிக்கொண்டு! ட்ரைவருக்கு முன்பாதை தெரியாது. பெட்டிக்கு ஒரு பிரேக்காரர் மேடையில் கொடியோடு நிற்கிறார். முன்பெட்டிக்காரரின் கொடிதான் ட்ரைவருக்குக் கண்.

இதையெல்லாம் யார் நமக்கு முதலில் சொன்னது?

ஸ்ரேசனுக்குப் பின்னால் உங்கள் குவாட்டர்ஸ், குசினி மேசை. உன் ஐயா டியூட்டி முடிந்து வந்து, ரயில் கார்ட் தொப்பியைக்கூடக் கழற்றாமல், நாலு தீப்பெட்டியை வரிசையாக வைத்தார். பின்னால் வெத்திலைப்பெட்டி, அதுதான் இஞ்சின். அடியில் தன் சீப்பை வைத்தார், பல்லு மேலே பார்க்க. குண்டன்தான் கேட்டான், "அப்ப தண்டவாளத்துக்குப் பற்பொடி யார் போடுறது?" முதலில் சிரித்தது நீ. நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். தீப்பெட்டிகள் சரிந்தன. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. சீப்பை ஊதி, சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அன்றிலிருந்து அவர் நமக்குப் பற்பொடி.

திருகோணமலைப் பாதையைப் பற்றி எத்தனை கதை சொல்லியிருப்பார். கல் ஓயாவில் யானை, சீனக்குடாவில் எண்ணெய்க் குதம். பல்லுத் தண்டவாளக் கதையை மட்டும் அன்றைக்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை. ஹில்குரோவில் குந்தியிருந்து யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை. 1963இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிப் போய் இந்த மலை ரயிலைப் பார்த்தவர். அடுத்த வருசம் டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. ஒரு படம்கூட இல்லாமல் வந்த மனிசன். வெறும் சீப்பை வைத்து நமக்குக் காட்டப் பார்த்தார்.

சரி, அழுகிறேன் என்று நினைக்காதே. இன்னொன்று இருக்கிறது.

குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றிவிட்டு, ஊட்டி வரைக்கும் டீசல் போடுகிறார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும்தான் பாதை வந்ததாம், ஊட்டிக்கு 1908இல். மொத்தம் 46 கிலோமீற்றர், ஏற ஐந்து மணித்தியாலம். நம்ம கொழும்பு மெயில் 300 கிலோமீற்றர் வர எடுக்கிற நேரத்தைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன். சுரங்கம் 16. மனிசி 14 எண்ணினாள், இரண்டில் தூங்கிவிட்டாள். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியிருக்கிறது. நம்முடைய பாதையும் 1927இலிருந்து கிடக்கிறது. அதை மரபு என்று சொல்ல யானைகளைத் தவிர ஆளில்லை.

கழற்றின இஞ்சினைச் சுற்றி வந்தேன். பக்கத்தில் ஒரு தகடு. சுவிஸ் இஞ்சின் தொழிற்சாலையின் பெயர். கடைசிச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அப்படியே நின்றேன். முப்பது வருசமாகக் கடித உறையில் உன் பெயருக்குக் கீழே நான் எழுதுகிற ஊர். வின்ரத்தூர்!

விசரா, ஐயாவை அங்கே கூப்பிட்டு வைத்துக்கொண்டு இத்தனை வருசமாக நீ என்ன செய்தாய்? அந்தப் பட்டறை 1871இல் உன் ஊரில்தான் தொடங்கினதாம். இப்போது புது இஞ்சின் வேண்டுமென்றால் திருச்சிப் பொன்மலையிலேயே செய்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் அவர் பார்த்தது உன் ஊரில் செய்த இஞ்சினை.

போன கடிதத்தில் எழுதியிருந்தாய், இப்போது அவர் அதிகம் கதைப்பதில்லை, யன்னலடியில் இருந்துகொண்டு "அடுத்தது எந்த ஸ்ரேசன்?" என்று மட்டும் கேட்கிறார் என்று. நீ என்ன பதில் சொல்கிறாயோ தெரியாது. அடுத்த தடவை ஹில்குரோவ் என்று சொல்லு. சீப்பு ஒன்றைக் கையில் கொண்டு போ. பிறகு அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எழுது, கூட்டிக் குறைக்காமல்.

உன்,
நொண்டிச் சைக்கிள்

பி.கு: படங்களைக் குண்டனுக்குக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டரில் செய்தது" என்கிறான்.