செல்வராஜுக்கு, சின்ச்சுவிலிருந்து

சின்ச்சு, தைவான்
14-9-2025

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் அமைதியானது. சொட்டு மருந்தை அவர் மறந்துவிடுவார். நீயே பக்கத்தில் உட்கார்ந்து விட்டுவிடு. இங்கே நாங்கள் மூவரும் நலம். மகளுக்கு இந்த மாதம் பள்ளி தொடங்கிவிட்டது. சீனம் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். தமிழ் எழுத உட்கார வைப்பதற்குத்தான் தினமும் போராட்டம்.

"போர் வருமா?" என்று இந்த முறையும் கேட்டிருக்கிறாய். நம் ஊர்ப் பத்திரிகைகளில் தைவானின் பெயர் அடிபடுவதே சீனாவின் போர் விமானங்கள் பறக்கும்போதுதான் என்பதால் உன்மேல் குறையில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் அது ஆரூடமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே இருக்கும் 2 கோடியே 30 லட்சம் பேர் எதை இழந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதை எழுதுகிறேன். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் நீ. உன்னிடம் சொன்னால்தான் எனக்கும் திருப்தி.

ஜூலை 26, சனிக்கிழமை. நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கலாமா என்று மக்கள் வாக்களித்த நாள். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும், "எண்ணுவதைப் பார்க்க வருகிறாயா?" என்று கதவைத் தட்டினார். எனக்கு இங்கே வாக்கு கிடையாது. பார்க்கத் தடையும் கிடையாது. தெருக்கோடியில் இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கு இருவரும் போனோம். வாக்களித்த அதே வகுப்பறையிலேயே எண்ணிக்கை நடக்கிறது. பெட்டிக்கு சீல் வைத்து லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோகும் பேச்சே இல்லை. மேசைகளை நகர்த்தி, கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்து, கரும்பலகைமேல் பெரிய தாள்களை ஒட்டியிருந்தார்கள். பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போன்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான்.

ஓர் இளம்பெண் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கொடுத்தாள். அடுத்தவர் அதை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இடமிருந்து வலமாக எல்லோருக்கும் காட்டி, உரத்த குரலில் படித்தார். "தொங்யீ" என்றால் சம்மதம், "பூ தொங்யீ" என்றால் சம்மதமில்லை. கரும்பலகை அருகே நின்றவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தாளில் ஒரு கோடு போட்டார். ஐந்து கோடுகள் சேர்ந்தால் 'ஜெங்' என்ற சீன எழுத்து நிறைவடையும். அந்த எழுத்துக்கு நேர்மை, சரி என்று பொருள். நாம் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுக்கிறோமே, அதே கணக்குதான். வீட்டுக்காரம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாமும் கோடு போட ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

உனக்குப் பிடித்த மாதிரி இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாக்கு முத்திரை ஒரு வட்டத்துக்குள் இடமும் வலமும் ஒத்துப்போகாத ஒரு குறி. சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிட்டாலும், எது குத்திய முத்திரை, எது அதன் நிழல் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒரு வாக்கு வீணாகக் கூடாது என்று யாரோ எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! சென்ற ஆண்டு ஜனவரியில் நடந்த அதிபர் தேர்தலில் சுமார் 17,800 வாக்குச்சாவடிகளிலும் இப்படித்தான் ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்துப் படித்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் லாய் சிங்-தே 40 சதவீத வாக்குகளுடன் வென்றது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. தபால் வாக்கு கிடையாது. குடும்பப் பதிவு எங்கே இருக்கிறதோ அங்கே நேரில்தான் போக வேண்டும் என்பதால் ரயில்களெல்லாம் நிரம்பி வழிந்தன.

இந்த ஜூலை வாக்கெடுப்பு வேறு வகை. மக்கள் தேர்ந்தெடுத்தவரை மக்களே திரும்ப அழைப்பது. அதிபர் ஜனநாயக முற்போக்குக் கட்சியைச் சேர்ந்தவர். 113 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்திலோ அந்தக் கட்சிக்கு 51 இடங்கள்தான். கோமின்டாங்குக்கு 52, தைவான் மக்கள் கட்சிக்கு 8. இந்த இரு எதிர்க்கட்சிகளும் கைகோத்துக்கொண்டு, அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் பக்கம் இழுக்கும் சட்டங்களை அவசர அவசரமாக நிறைவேற்றின. 2024 மே மாதம் தைபேயில் நாடாளுமன்றத்தைச் சுற்றி மக்கள் மழையில் நனைந்தபடி அமர்ந்திருந்தார்கள். அந்தக் கோபம்தான் கையெழுத்து இயக்கமாகி, ஜூலையில் 24 கோமின்டாங் உறுப்பினர்களையும் ஆகஸ்டில் மேலும் 7 பேரையும் வாக்கெடுப்பில் கொண்டுவந்து நிறுத்தியது. பதிலுக்கு ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு எதிராக நடந்த இயக்கத்தில், இறந்தவர்களின் பெயரில்கூடக் கையெழுத்துப் போட்டிருந்தது வெளிவந்து வழக்குகள் பதிவாயின. அது ஒரு வாக்கெடுப்பு வரைக்கும்கூடப் போகவில்லை.

31 பேரில் ஒருவரும் பதவி இழக்கவில்லை. எங்கள் சின்ச்சுவில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகள். இரண்டிலும் "சம்மதமில்லை" வென்றது. வீட்டுக்காரம்மா இரண்டிலும் சம்மதம் என்று வாக்களித்தவர். மாதக்கணக்கில் சந்தை வாசலில் கையெழுத்து வாங்கியவர். கடைசிச் சீட்டைப் படித்து முடித்ததும் தம் நோட்டிலிருந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கரும்பலகையைப் பார்த்தார். "கணக்கு சரியாக இருக்கிறது. வா, போகலாம்" என்றார். வழியில் பேசவே இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல, எதிர்த்தரப்பில் தீவிரமாக இருந்த பக்கத்துக் கடைக்காரரிடம் சோயா பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் எண்ணத்தையும் சொல்கிறேன். அந்த மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கென்று தேர்ந்தெடுத்தவர்களை, அவரவர் செய்த தவறைத் தனித்தனியாகக் காட்டாமல் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப் புறப்பட்டது சரியான வழியாக எனக்குப் படவில்லை. நடுவில் நின்ற வாக்காளர்கள் அதைத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அரசியல் சாசன நீதிமன்றம். 15 நீதிபதிகளில் 7 பேர் சென்ற அக்டோபரில் ஓய்வு பெற்றார்கள். எஞ்சியவர்கள் 8. குறைந்தது 10 பேர் இருந்தால்தான் வழக்கை விசாரிக்கலாம் என்று டிசம்பரில் சட்டம் திருத்தினார்கள். அதிபர் முன்மொழிந்த பெயர்களை நாடாளுமன்றம் நிராகரித்தது. மீண்டும் அனுப்பிய ஏழு பெயர்களையும் வாக்கெடுப்புக்கு முதல் நாள், ஜூலை 25 அன்று, நிராகரித்துவிட்டது. ஆக, இதை எழுதும் 2025 செப்டம்பரில் நீதிமன்றம் பூட்டிக் கிடக்கிறது. சி சியா-வெய் என்பவர் 1986 முதல் கேட்டு வந்த ஒருபாலினத் திருமண உரிமையை 2017இல் ஏற்றுத் தீர்ப்பளித்தது இந்த நீதிமன்றம்தான். அதன் விளைவாகத்தான் 2019இல் ஆசியாவிலேயே முதல் நாடாகத் தைவான் அதைச் சட்டமாக்கியது. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு வாக்குப் பெட்டியில் கிடைக்காதது அங்கேதான் கிடைக்கும். அந்த வாசல் மூடியிருப்பது எந்தக் கட்சிக்கும் நல்லதல்ல.

அந்த வகுப்பறையில் ஒவ்வொரு சீட்டையும் ஏன் அப்படித் தூக்கிக் காட்டுகிறார்கள் என்பது, சில ஆண்டுகளுக்கு முன் தைபேக்குப் பக்கத்தில் ஜிங்மெய் என்ற இடத்துக்குப் போயிருக்காவிட்டால் எனக்கு இந்த அளவுக்கு உறைத்திருக்காது. ராணுவச் சிறையும் ராணுவ நீதிமன்றமும் இருந்த இடம், இப்போது மனித உரிமை அருங்காட்சியகம். நம் நெருக்கடி நிலை 21 மாதங்கள். இங்கே ராணுவச் சட்டம் 1949 மே முதல் 1987 ஜூலை வரை 38 ஆண்டுகள். கைதிகள் துணி துவைத்து இஸ்திரி போட்ட கூடம் அப்படியே இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் தொலைபேசி வைத்த சந்திப்பு அறையும் இருக்கிறது. 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று காவ்சியுங் நகரில் ஊர்வலம் நடத்தியவர்களை விசாரித்த அறையைப் பார்த்தேன். குற்றவாளிக் கூண்டில் நின்ற ஆனெட் லூ பின்னாளில் துணை அதிபரானார். அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான சென் சுய்-பியான் அதிபரானார்.

அந்த அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டியாகத் தொண்டு செய்தவர்களில் பிரெட் சின் என்று ஒருவர் உண்டு. மலேசியாவின் ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்கத் தைனான் நகருக்கு வந்த மாணவர். தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குண்டுவெடிப்பைக் காட்டி 1971இல் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரவதை செய்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. விடுதலையான பிறகும் அடையாளப் பத்திரம் இல்லாமல் தெருவில் படுத்துக் கிடந்திருக்கிறார். அப்படிப்பட்டவர், தம்மை அடைத்து வைத்த இடத்துக்கே வந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் அறையாகக் காட்டியிருக்கிறார். நானும் படிக்க வந்தவன்தான், செல்வராஜ். ஒரு பெட்டியும் இரண்டு சட்டையுமாக, மொழி தெரியாமல் வந்து இறங்கினவன். நாற்பது ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தபோது கால் நடுங்கியது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிங்துங் பகுதியில் பல் மருத்துவராக இருந்த ஹுவாங் வென்-குங். அதே ராணுவச் சட்டக் காலத்தில், 1953 மே 20 அன்று, அவரை அரசு சுட்டுக் கொன்றது. அதற்கு முந்தைய இரவு அவர் ஐந்து கடிதங்கள் எழுதினார். கைதானபோது மனைவி கருவுற்றிருந்தார். பிறந்த மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கைக்குழந்தைக்கு ஒரு கடிதம். மனைவிக்கு எழுதியதில், 'என் உடலை வாங்க வராதே, மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடு, நான் மாணவனாக இருந்தபோது இப்படித்தான் கற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஒரு கடிதமும் வீடு போய்ச் சேரவில்லை. கோப்போடு கோப்பாகக் கட்டி வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய பேத்தி ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்தபோதுதான் அப்படியொன்று இருப்பதே தெரிந்தது. மகள் தன் அப்பாவின் கையெழுத்தில் இருந்த அசல் கடிதத்தை வாங்கியது 2011இல். தேடத் தேட இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன.

அன்று வீட்டுக்கு வந்து, உன் பழைய கடிதங்கள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதின ஒரு காகிதத்தை எவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்த அதே அரசு, இன்று ஒவ்வொரு காகிதத்தையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறது. சும்மா வந்த மாற்றமா இது? வீட்டுக்காரம்மா நோட்டோடு போவது அதனால்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த நாட்டில் இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்திலிருந்து வந்து உழைப்பவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குத் தொழிலாளர் தரநிலைச் சட்டம் பொருந்தாது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. தைபே ரயில் நிலையத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய கூடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அங்கே வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். 2020இல் அப்படி உட்காரக் கூடாது என்று நிரந்தரத் தடை கொண்டுவரப் பார்த்தார்கள். தைவான் மக்களிலேயே பலர் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்து எதிர்த்த பிறகு கைவிட்டார்கள். அந்தச் செய்கை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை.

உன் தங்கை மகன் இங்கே வேலைக்கு வர ஏஜெண்டிடம் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை எடுக்க 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மை. அப்போது இங்கே ஓர் அமைச்சரே, இந்தியாவின் வடகிழக்கு மாநிலத்தவரின் நிறம் தைவான்காரர்களோடு ஒத்துப்போகும் என்கிற மாதிரி பேசி, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எனக்கு அது ஆறாத வருத்தம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின்கீழ் ஆள் எடுப்பது இன்னும் தொடங்கவே இல்லை. "தைவான் விசா தயார், ஒன்றரை லட்சம் கட்டு" என்று சொல்லும் ஏஜெண்டிடம் அவன் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நாளைக்கு முறையாகத் தொடங்கினாலும், இங்கே இருக்கிற தரகு நிறுவனங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 1,800 தைவான் டாலர் வரை சேவைக் கட்டணம் பிடிக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வை. ஒப்பந்தத் தாள் எது வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல். நான் இங்கே படிக்க வைத்துக் கேட்டுச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம். தங்கையிடம் நான் விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், வந்தது என்று ஒரு வரியாவது எழுதிப் போடு.

என்றும் உன்,
கதிரேசன்