கேஸ் சீட்டில் "தொழில்: கூலி" என்று மட்டும் எழுதாதீர்கள்

அரசு மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள். அப்பா 26 வருடம் கொங்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கிரைண்டருக்குக் கல் கடைந்தார், கொத்தினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்தத் துண்டில் சிக்கியது பெரிய தூசி. நுரையீரலின் அடி வரைக்கும் போகிற தூசி கண்ணுக்கே தெரியாது என்பது எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

2019-இல் அவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன, உடம்பு இளைத்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இருந்தாலும் படத்தை வைத்து ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா பயந்தது இன்னும் நினைவிருக்கிறது. மாத்திரை முடிந்தது, மூச்சிரைப்பு முடியவில்லை. 2021-இல் இன்னொரு மருத்துவமனை. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையிலும் கிருமி இல்லை. மறுபடி ஆறு மாதம் அதே மாத்திரை.

2023-இல் மூன்றாவது இடத்தில், மேற்படிப்புப் படிக்கும் ஓர் இளம் மருத்துவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஐயா, என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். கூலி வேலை என்றார் அப்பா. "என்ன கூலி?" அந்த இரண்டாவது கேள்வியை நான்கு வருடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. பிறகு சி.டி. எடுத்தார்கள். மேல்பகுதி முழுக்க முடிச்சுகள். சில இடங்களில் அவை ஒன்றுகூடிக் கட்டியாகியிருந்தன. நுரையீரல் வாயிலில் இருக்கும் நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தது. சிலிக்கோசிஸ் என்றார், அதாவது கல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாக்கும் நோய்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டி.பி.யைச் சந்தேகித்தது தப்பே இல்லை. கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற பொருளின் தூசி, கிருமியை விழுங்க வேண்டிய செல்களையே கொன்றுவிடுவதால் இந்த நோயாளிகளுக்குக் காசநோய் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஆகவே டி.பி.யைத் தேடுங்கள், தேடிக்கொண்டே இருங்கள். கிருமி கிடைக்காதபோது, இரண்டாவது முறை மாத்திரை தொடங்கும் முன்னால், என்ன கூலி என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லையே, பெயர் மாறி என்ன ஆகப்போகிறது என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். பெயர் மாறினால் பார்வை போகும் இடம் மாறுகிறது. டி.பி. என்று எழுதியவுடன் சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவை, தம்பியை, என் குழந்தையை எல்லாம் சோதித்தார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். அப்பாவுக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் வந்தது. அப்பா மட்டும் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார், பேரனைத் தூக்குவதை நிறுத்தினார். யாருக்கும் தொற்றாத நோய்க்காக நான்கு வருடம் அப்படி இருந்தார். பட்டறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவரோடு வேலை செய்த ஆறு பேரை யாரும் சோதிக்கவில்லை. இடையில் உடம்பு கொஞ்சம் தேறிய மாதங்களில் அப்பாவும் அதே தூசிக்குத் திரும்பிப் போனார். போகாதே என்று சொல்ல அப்போது யாரிடமும் காரணம் இல்லை. தண்ணீர் விட்டுக்கொண்டே கல் கடைந்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும் என்று அந்தப் பட்டறைக்குப் போய்ச் சொல்லவும் ஆளில்லை.

நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-இலேயே எழுதிவிட்டார். இங்கே சட்டமும் புதிது அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. சந்தேகம் வந்தாலே சிகிச்சை தரும் மருத்துவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. தொழிலாளர் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அந்த நோய் இருக்கிறது. ஏழு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் சட்டம் எட்டுமா என்பது வேறு வழக்கு. ஆனால் உங்கள் காகிதத்தில் பெயரே இல்லாவிட்டால் வழக்கும் இல்லை, நிவாரணமும் இல்லை. ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கை கொண்டுவந்து, சிலிக்கோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய் தருகிறது. அங்கேயும் எல்லாம் மருத்துவரின் சான்றிலிருந்துதான் தொடங்குகிறது.

2022 முதல் நம் மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. டி.பி. என்று தெரிந்தவுடன் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: கல், மணல், தூசி வேலையா, எத்தனை வருடம்? குவாரி, கிரஷர், ஃபவுண்டரி, சிற்பப் பட்டறை என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் "பழைய டி.பி. தழும்பு" என்று முடித்துவிடாதீர்கள்.

அப்பா இப்போது தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். பட்டறை ஆட்கள் ஆறு பேரில் நான்கு பேரை நாங்களே கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு பேருக்குப் புள்ளிகள் இருக்கின்றன. எக்ஸ்ரே எடுக்காத மீதி இருவர், நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வர மறுக்கிறார்கள்.

அப்பாவின் மூன்று எக்ஸ்ரே படங்களும் சி.டி.யும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் மாணவர்களுக்குக் காட்டப் பயன்படும் என்றால் தருகிறோம். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "குடுத்துரு கண்ணு, படிக்கற பசங்க பாக்கட்டும்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு கல்லுப் பட்டறைத் தொழிலாளியின் மகள்